முளைவிட்ட நெல்லில் வளர்வது என்ன?

1. கேள்வியின் களம்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா நகரின் மேற்கே இருக்கிறது சாந்த்ராகாச்சி சந்திப்பு. தென்கிழக்கு ரயில்வேயின் முக்கியத் தடம் இதன் வழியாகக் கரக்பூர் போய் அங்கே கிளை பிரிகிறது: ஒன்று மேதினிப்பூருக்கு, ஒன்று ஜார்கிராம் வழியாக ஜார்க்கண்டுக்கு, ஒன்று ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து சென்னைக்கு. சென்னைத் தடத்தின் இரு மருங்கிலும், 1,600 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பழக்கம் அறுபடாமல் வருகிறது. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் லேசாகப் புளிப்பேறியதும் உப்புப் போட்டுச் சாப்பிடுவது. வங்கத்தில் அது பான்தா பாத், ஒடிசாவில் பகாளா, ஆந்திரத்தில் சத்தன்னம், நமக்குப் பழைய சோறு. ஹவுரா, ஹூக்ளிப் பகுதிகளில் பாத்ர மாதக் கடைசியில் அடுப்பு மூட்டாமல் முந்தைய நாள் சமைத்ததையே உண்ணும் அரந்தன் என்ற சடங்கு இன்றும் நடக்கிறது. அம்மைக்குரிய தெய்வமான சீதளைக்கு அங்கே ஆறிய உணவு படைக்கிறார்கள். அதே பொறுப்பில் இருக்கும் மாரியம்மனுக்கு இங்கே ஆடிக்கூழ் ஊற்றுகிறோம். மாரியம்மனுக்கு முளைப்பாரியும் எடுக்கிறோம். ஆனால் அந்த முளைகளைத் தின்பதில்லை, நீரில் விட்டுவிடுகிறோம்.

புளித்த சோறு ஒருபுறம், முளைத்த தானியம் மறுபுறம். இரண்டையும் ஒரே கலத்தில் சேர்க்கும் முயற்சியே இக்கட்டுரையின் பொருள். நெல், கேழ்வரகு, பார்லி, கம்பு முதலியவற்றை முளைகட்டி, அரைத்து, கஞ்சியாக்கி, அதில் தேர்ந்தெடுத்த லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்த்தால், பால் சேராத ஒரு புரோபயாட்டிக் உணவு கிடைக்குமா என்று உணவு அறிவியலாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பால் ஒவ்வாதவர்களுக்கும், பால் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் இது பயன்படும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

உண்மையில் இது மூன்று கேள்விகளின் கலவை. அந்த நுண்ணுயிர் தானியத்தில் வளருமா? வளர்ந்தது உயிரோடு குடல்வரை போய்ச் சேருமா? சேர்ந்தபின் உண்டவருக்கு நன்மை செய்யுமா? முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்கு ஓரளவு இருக்கிறது. மூன்றாவதற்கு முளைநெல்லைப் பொறுத்தவரை விடை மிகக் குறைவு. நம் இதழ்களில் வரும் ஆரோக்கியக் கட்டுரைகளோ முதல் கேள்வியின் விடையை எடுத்து மூன்றாவது கேள்விக்குக் கீழே எழுதிவிடுகின்றன. அந்த இடமாற்றத்தைப் பிரித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

2. முளைக்கும்போது நடப்பது

பெரும்பாலான லாக்டிக் அமில பாக்டீரியாவால் மாவுச்சத்தை நேரடியாக உண்ண முடியாது. அவற்றுக்கு வேண்டியவை குளுக்கோஸ், மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளும், உடைந்த புரதத் துணுக்குகளும், பி வகை வைட்டமின்களும். முளைக்காத நெல்மணியில் இவை மிகக் கொஞ்சம். மணி நீரை உறிஞ்சியதும் கரு ஜிப்பரெலின் என்ற வளரூக்கியைச் சுரக்கிறது. அது தவிட்டை ஒட்டிய உறையடுக்கை எட்டியதும் அங்கே ஆல்ஃபா அமைலேஸ், புரதம் பிளக்கும் நொதிகள் முதலியவை உருவாகி உள்ளிருக்கும் மாவுச்சத்தைக் கரைக்கத் தொடங்குகின்றன. நாற்றுக்கென்று சேமித்த உணவு இப்படி அவிழும் நேரத்தில் மணியை அரைத்தால், அந்த விருந்து பாக்டீரியாவுக்குப் போகிறது.

நெல்லுக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. ஆக்சிஜன் இல்லாத நிலையிலும் அது ஆல்ஃபா அமைலேஸை உண்டாக்கிக்கொள்ளும். கோதுமைக்கும் பார்லிக்கும் அது முடியாது. நீர் தேங்கிய வயலில் நெல் முளைப்பதும் கோதுமை அழுகுவதும் பெருமளவு இதனால்தான். விதைநெல்லை ஓர் இரவு ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டு முளைகட்டும் நம் உழவர்கள் இந்த உயிர்வேதியியலைக் கைப்பழக்கமாகவே அறிந்தவர்கள்.

ஆனால் ஒரு நடைமுறைத் தடையைப் பெரும்பாலான கட்டுரைகள் கவனிப்பதே இல்லை. வங்காளியும் தமிழரும் அன்றாடம் உண்பது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. ஆவியில் அவிந்ததும் கரு செத்துவிடுகிறது. பச்சரிசியிலோ தீட்டும்போதே கரு போய்விடுகிறது. ஆக, கடையில் வாங்கும் அரிசியை எவ்வளவு ஊறவைத்தாலும் அது முளைக்காது. வேண்டியது நெல், அல்லது உமி மட்டும் நீக்கிய, கரு சிதையாத கைக்குத்தல் பச்சரிசி. முளைநெல் உணவுக்கு முதல் தேவை அவிக்காத நெல்லைத் தனியே ஒதுக்கி முளைகட்டித் தரும் ஓர் ஏற்பாடு. ஜப்பானில் முளைவிட்ட பழுப்பரிசி தனிச் சரக்காகக் கடைக்கு வந்தது இப்படித்தான். 1994இல் சைகுசாவும் சகாக்களும் அரிசிக் கருவை 40 பாகை செல்சியஸ் அளவுள்ள நீரில் ஊறவைத்தால் காபா என்ற அமினோ அமிலம் பெருகுவதைக் காட்டிய பிறகு அதற்கு வேகம் கூடியது. காபா இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உறக்கம் தரும் என்ற விளம்பரங்களுக்குள் நான் போகவில்லை; அது வேறு வழக்கு.

மற்றத் தானியங்களில் முளைகட்டுவதற்கு மிக ஏற்றது கேழ்வரகு. நொதி வீரியம் அதிகம். முளைகட்டும்போது பூஞ்சை பிடிப்பதும் குறைவு. சோளத்தில் எச்சரிக்கை வேண்டும். அதன் இளம் முளையில் சயனைடை வெளிவிடும் டுரின் என்ற பொருள் சேர்வதால், காய்ந்தபின் முளையையும் வேரையும் தேய்த்து நீக்கியாக வேண்டும்.

3. மாவுச்சத்தை உடைக்க மூன்று வழிகள்

தானியத்தைப் புளிக்கவைக்க விரும்பிய எல்லாச் சமூகங்களும் மாவுச்சத்தை முதலில் யார் உடைப்பது என்ற சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முளைத்த தானியத்தின் நொதியை நம்பின; பீரும், தான்சானியாவின் தோக்வா கஞ்சியும் அப்படிப் பிறந்தவை. கிழக்காசியாவும் கிழக்கிந்தியாவும் பூஞ்சையை நம்பின. மூன்றாவது வழி, மாவுச்சத்தைத் தானே உடைக்கவல்ல அபூர்வமான பாக்டீரியா வகைகள்.

சாந்த்ராகாச்சியிலிருந்து உள்ளூர் வண்டியில் சுமார் 120 கிலோமீட்டர் போனால் மேதினிப்பூர். அங்கும் ஜார்கிராமிலும் சந்தால் முதலான பழங்குடியினர் ஹாரியா என்ற அரிசிப் பானத்தைச் செய்கிறார்கள். சோற்றை ஆறவைத்து, பாகர் என்ற மூலிகை கலந்த மாவு வில்லைகளைப் பொடித்துத் தூவி, மூன்று நான்கு நாள் மூடி வைக்கிறார்கள். மேதினிப்பூரில் உள்ள வித்யாசாகர் பல்கலைக்கழகத்தில் கேசவ் சந்திர மண்டலின் ஆய்வுக்குழு 2015இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பானையில் நாளுக்கு நாள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தது. பூஞ்சையும் ஈஸ்ட்டும் இரண்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிகின்றன. லாக்டிக் அமில பாக்டீரியாவும் பிஃபிடோபாக்டீரியமும் தொடர்ந்து ஏறுகின்றன. இடையில் மாவுச்சத்து உடைந்து மால்டோஸும் அதைவிடச் சற்று நீளமான சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்கின்றன. முதலில் வந்தவர் சமைத்துவைத்துப் போக, பின்னால் வந்தவர் உண்ணும் முறை இது.

அதே குழு ஹாரியாவிலிருந்து லாக்டோபாசிலஸ் ஃபெர்மென்டம் கேகேஎல்1 என்ற திரிபைப் பிரித்தெடுத்தது. அது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளையும், தாதுக்களைப் பூட்டிவைக்கும் ஃபைடேட்டைச் சிதைக்கும் ஃபைடேஸ் நொதியையும் தானே சுரக்கிறது. 2020இல் லாக்டோபாசிலஸ் பேரினம் உடைக்கப்பட்டு 23 புதிய பேரினங்கள் வந்ததில் ஃபெர்மென்டம் இப்போது லிமோசிலாக்டோபாசிலஸ் ஆகிவிட்டது. பின்னால் அடிக்கடி வரப்போகும் இன்னோர் இனமான பிளான்டாரம் லாக்டிபிளான்டிபாசிலஸ் ஆகிவிட்டது. இக்கட்டுரையில் பழைய பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். பாக்டீரியாவே மாவுச்சத்தை உடைக்குமென்றால், நெல்லை முளைகட்டும் சிரமம் எதற்கு? இதற்கான விடை பாக்டீரியாவிடம் இல்லை. உண்பவரிடம் இருக்கிறது என்பதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

4. வளர்ச்சிக் கணக்கு

முளைத்த தானியமும் முளைக்காத தானியமும் புரோபயாட்டிக் வளர்ப்பில் எப்படி வேறுபடுகின்றன என்பதை அளந்து காட்டிய ஆய்வுகளில் முன்னோடியானது மான்செஸ்டரில் சாரலாம்போபுலோஸ், பாண்டியெல்லா, வெப் முதலியோர் செய்து 2002இல் வெளியிட்டது. முளைகட்டி உலர்த்திய பார்லி, சாதாரண பார்லி, கோதுமை ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்த சாறுகளில் நான்கு லாக்டோபாசிலஸ் வகைகளை வளர்த்தார்கள். எல்லா வகையும் முளைப்பார்லியில்தான் நன்றாகப் பெருகின. காரணம் எண்களில் தெரிகிறது. முளைப்பார்லிச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை. மற்ற இரண்டிலும் 3 முதல் 4 கிராம். கட்டற்ற அமினோ நைட்ரஜன் முளைப்பார்லியில் லிட்டருக்குச் சுமார் 80 மில்லிகிராம். மற்றவற்றில் 15 முதல் 27 மில்லிகிராம்.

சர்க்கரை வேறுபாடு எல்லாருடைய கண்ணிலும் படும். என் கணிப்பில் நைட்ரஜன் வேறுபாடு அதைவிட முக்கியமானது. சர்க்கரை போதவில்லை என்றால் கஞ்சியில் வெல்லம் கரைத்துவிடலாம், முளைகட்ட வேண்டியதில்லை. அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் அப்படிச் சேர்த்துவிட முடியாது. சோயாவோ பாலோ கலந்தாக வேண்டும். பிளான்டாரம் போன்ற எதையும் தின்று பிழைக்கும் வகைக்கு இது பெரிய தடையல்ல. அசிடோபிலஸ் போன்ற நுணுக்கமான தேவை உள்ள வகைகளுக்கு முளைகட்டுவதே வாழ்வு தருகிறது.

அதே குழு 2003இல் இன்னொன்றையும் காட்டியது. வயிற்று அமிலத்தை ஒத்த கடும் புளிப்பில் பிளான்டாரத்தை நான்கு மணி நேரம் வைத்தபோது, முளைப்பார்லிச் சாறு இருந்தால் தப்பிப் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கூடியது. பார்லி, கோதுமைச் சாறுகளில் ஆயிரம் மடங்கு. அசிடோபிலஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு இதைவிடக் குறைவு. தானியம் நுண்ணுயிருக்கு உணவாக மட்டுமின்றி வழித்துணையாகவும் இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் இவை குடுவைச் சோதனைகள். உண்மையான வயிறு இதில் இல்லை.

வணிகத்தில் இது முன்பே நடந்துவிட்டது. சுவீடனில் 1994இல் விற்பனைக்கு வந்த புரோவிவா, பால் இல்லாத புரோபயாட்டிக் உணவுகளில் முன்னோடி. ஓட்ஸ் கஞ்சியில் பிளான்டாரம் 299வி என்ற திரிபை வளர்த்து, அந்தக் கஞ்சியில் சிறிதளவைப் பழரசத்தில் கலந்தார்கள். லிட்டருக்கு 5,000 கோடி உயிருள்ள செல்கள். இந்தச் செய்முறையில் பலரும் கவனிக்காத ஒரு சேர்மானம் முளைப்பார்லி மாவு. கெட்டியான ஓட்ஸ் கஞ்சியை நீர்க்கச் செய்ய அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் இத்துறையில் தொடர்ந்து உழைத்தது ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம். நீலம் கேத்தர்பாலும் சகாக்களும் முளைப்பார்லி மாவு, மோர்த்தெளிவுப் பொடி, தக்காளிக் கூழ் ஆகியவற்றைக் கலந்து, ஆட்டோகிளேவில் அவித்து, அசிடோபிலஸை உறை ஊற்றி 37 பாகையில் 12 மணி நேரம் வைத்தார்கள். கம்பிலும் செய்து பார்த்தார்கள். முளைகட்டியபின் புளிக்கவைத்த கலவையில் ஃபைடேட் குறைந்தது; மாவுச்சத்தும் புரதமும் எளிதில் செரித்தன. தக்காளியும் மோர்த்தெளிவும் ஏன் வந்தன என்று கேட்டால், முன்சொன்ன நைட்ரஜன், வைட்டமின் பற்றாக்குறையும் சுவையும்தான் காரணம் என்று ஊகிக்கலாம். தானியம் மட்டும் தனித்து நின்ற சோதனைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

எண்ணிக்கை என்ற அளவில் இவையெல்லாம் தேர்ச்சி பெற்றுவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள் நாளொன்றுக்கு உண்ணும் அளவில் 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்கின்றன. நன்கு புளித்த முளைக்கஞ்சியில் ஒரு மில்லிலிட்டரிலேயே அவ்வளவு இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை நிலைக்குமா என்பது வேறு கேள்வி. பாலில் புரதம் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். கஞ்சிக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. எனவே புளிப்பு விரைவில் ஏறி, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே வளர்ச்சி நின்றுவிடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அந்தப் புளிப்பு மேலும் ஏறும். உள்ளிருக்கும் உயிர்கள் குறையும். காலையில் இருந்த எண்ணிக்கை மாலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

5. கிருமிநீக்கச் சிக்கல்

ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இரண்டு மூன்று நாட்கள் முளைக்கு மட்டும் நல்லவையல்ல. மணியின் மேல் ஒட்டியிருக்கும் எல்லா நுண்ணுயிரும் அதே நேரத்தில் பெருகுகின்றன. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதன் மூலம் வெந்தய முளைகள் என்று கண்டறியப்பட்டது. அரிசியோடு வரும் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகளோ கொதிநீரையும் தாங்கும்.

ஆய்வுக்கூடத்தில் இதற்குத் தீர்வு எளிது: 121 பாகையில் அழுத்த ஆவியில் அவித்துவிட்டு, பிறகு வேண்டிய பாக்டீரியாவை மட்டும் இடுவது. ஆனால் அவித்ததும் முளையின் நொதிகள் செயலிழந்துவிடும். எந்த நொதிக்காக முளைகட்டினோமோ அதையே கொன்றுவிட்டு, அது முன்பே விடுவித்துவைத்த சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்கிறோம். நெல்லில் இன்னொரு சிக்கல் கூடுகிறது. பல நெல் வகைகளின் மாவுச்சத்து 70 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோதான் கூழாகிறது. பார்லியின் மாவுச்சத்து அதற்கு முன்பே கூழாகிவிடும். கூழாகாத மாவுச்சத்தில் நொதி மெதுவாகவே வேலை செய்யும். கூழாகும் வெப்பத்திலோ முளையின் பல நொதிகள் தளர்ந்துவிடும்.

ஆகவே வரிசை முக்கியமாகிறது. முளைக்காத அரிசிமாவை முதலில் நன்கு கஞ்சியாகக் காய்ச்ச வேண்டும். 60 பாகைக்கு ஆறியதும் கொஞ்சம் முளைமாவைத் தூவிக் கிளற வேண்டும். கெட்டிக் கஞ்சி கண்ணெதிரே நீர்க்கும். பிறகு மறுபடி ஒரு கொதி. உடல்சூட்டுக்கு ஆறியபின் உறை. இரண்டாவது கொதியை விட்டுவிட்டால் முளையோடு வந்த அழையா விருந்தாளிகளும் பானையில் இருப்பார்கள். பல வீட்டுக்குறிப்புகள் விட்டுவிடுவது இந்தக் கொதியைத்தான். சரியான பாக்டீரியா போதிய அளவில் இருந்தால் புளிப்பு விரைவில் ஏறி மற்றவற்றை அடக்கிவிடும் என்பது உண்மை. அது எப்போதும் நடக்கும் என்பதற்கு வீட்டுப் பானையில் உத்தரவாதம் இல்லை.

6. வளர்ந்தால் போதுமா?

உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் கூட்டிய நிபுணர் குழு தந்து, 2014இல் புரோபயாட்டிக், பிரிபயாட்டிக் குறித்த சர்வதேச அறிவியல் சங்கம் சற்றே திருத்திய வரையறை, போதிய அளவில் உண்ணும்போது உண்டவருக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரையே புரோபயாட்டிக் என்கிறது. நன்மை நிரூபிக்கப்பட வேண்டும். அதுவும் திரிபு அளவில். 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரிதொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட வழிகாட்டியும் திரிபை அடையாளம் காண்பது, பாதுகாப்பைச் சோதிப்பது, மனிதரிடம் ஆய்ந்து பார்ப்பது என்ற படிகளைக் கேட்கிறது. நடைமுறைச் சட்டத்தின் அனுமதிப் பட்டியலில் இருப்பவையோ பெரும்பாலும் இனப் பெயர்கள். ஒரே இனத்தின் இரு திரிபுகள் வேறு வேறாக நடந்துகொள்ளும் என்பதை அறிந்த துறைக்கு இது தளர்வான சல்லடை.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் மிக முக்கியமான ஒன்று கொல்கத்தாவிலேயே நடந்தது. பேலியாகாட்டாவில் உள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் நெருக்கடியான குடிசைப்பகுதியில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 3,758 பேரைச் சேர்த்தது. பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் யாக்குல்ட்டின் கேசி ஷிரோட்டா பாக்டீரியா கொண்ட பானம். மற்றவர்களுக்கு பாக்டீரியா இல்லாத ஊட்டச்சத்துப் பானம். யாக்குல்ட் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். முடிவு 2011இல் வெளிவந்தது: வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் முதல் அணியில் 608, இரண்டாம் அணியில் 674. பாதுகாப்பு 14 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இது உறுதியான முடிவு. பொதுச் சுகாதார நோக்கில் மிதமானது. 12 வாரம் தினமும் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தால் கிடைப்பது இவ்வளவு.

ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிக்ராகியின் குழு நடத்தி 2017இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பெரிய பலனைக் காட்டியது. பச்சிளங்குழந்தைகள் 4,556 பேர். பிளான்டாரத்தின் ஒரு திரிபு, கூடவே அதற்கு உணவாகும் நார்ச்சர்க்கரை. ஏழு நாள் மட்டும். இரத்த நச்சேற்றமும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆக இறங்கியது. பிளான்டாரம் புளித்த தானியங்களில் தாராளமாகக் காணப்படும் இனம் என்பதால் இந்த ஆய்வைப் பழைய சோற்றுக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அது செல்லாது. அங்கே கொடுத்தது அளந்து உறையிட்ட ஒரு குறிப்பிட்ட திரிபு. பானையில் எது வளரும் என்பது அன்றன்றைய பாடு.

அப்படியானால் பானையிலேயே வளர்ந்ததை நேரடியாகச் சோதித்தவர்கள் இல்லையா? ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். தான்சானியாவில் லோரியும் ஸ்வான்பெர்கும் 1994இல் எழுதியதன்படி, புளித்த தானியக் கஞ்சி உண்ட சிறுகுழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாகக் கண்டது. கானாவின் வடபகுதியில் லெய், ஃப்ரீஸ், மிகெல்சன் மூவரும் தானே புளித்த கம்புக் கஞ்சித் தெளிவை வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். நோய் தீர்வதில் பலன் ஏதும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு குழந்தை நலமாக இருக்கிறது என்று சொன்ன தாய்மார் மட்டும் சற்று அதிகம்.

இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. முன்னது அன்றாட உணவாக நோய் வராமல் காப்பதைப் பார்த்தது. பின்னது வந்த நோயை மருந்தாகத் தீர்ப்பதைப் பார்த்தது. புளித்த கஞ்சியில் அமிலம் இருக்கிறது, அதனால் அதில் நோய்க்கிருமி பெருகாது. மூன்று வேளையும் புதிதாகச் சமைக்க முடியாத வீட்டில் இந்த ஒன்றே பெரிய பாதுகாப்பு. அதற்கு பாக்டீரியா குடலில் உயிரோடு இருந்தாக வேண்டும் என்றில்லை.

7. இரண்டு எதிர்த்திசைகள்

பழைய சோற்றையும் முளைக்கஞ்சியையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. வேதியியலில் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, நம் நொதிகளுக்கு வசப்படாததாகிறது. அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. முளைகட்டுவதோ மாவுச்சத்தை எளிதில் செரிப்பதாக்குகிறது. முன்னது உள்ளே இருக்கும் நுண்ணுயிருக்கு ஊட்டுகிறது; பின்னது வெளியிலிருந்து வரும் நுண்ணுயிருக்கு ஊட்டுகிறது.

உள்ளே ஊட்டுவதன் பலனுக்கு வேலூரில் வலுவான சான்று உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் மூன்று வகை உப்புச்சர்க்கரைக் கரைசல்களை ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். வழக்கமான கரைசல், அரிசிமாவு சேர்த்தது, செரிக்காத மாவுச்சத்து சேர்த்தது ஆகிய மூன்றில் கடைசியே மலத்தில் போகும் நீரை நன்கு குறைத்தது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவுச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பமிலங்கள் நீரை உறிஞ்ச உதவுகின்றன என்பது விளக்கம். சாந்த்ராகாச்சியில் சென்னை வண்டி ஏறும் கூட்டத்தில் வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகும் வங்காளக் குடும்பங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. உப்புச்சர்க்கரைக் கரைசலின் புகழோ கொல்கத்தாவில் பணியாற்றிய திலீப் மஹலனாபிஸ் 1971இல் போங்கான் அகதி முகாமில் செய்த வேலையிலிருந்து தொடங்கியது. கரைசலும் நோயாளியும் ஒரே தண்டவாளத்தில் தெற்கே வந்திருக்கிறார்கள்.

பழைய சோற்றின் பெயரால் சுற்றும் ஓர் எண்ணையும் இங்கே தொட வேண்டும். அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு என்ற முத்திரையோடு, 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு 12 மணி நேரம் புளித்தபின் 73.91 ஆகிறது என்று தமிழிலும் வங்காளியிலும் ஆயிரம் முறை எழுதப்பட்டுவிட்டது. பாக்டீரியாவால் இரும்பைப் படைக்க முடியாது. ஃபைடேட் சிதைவதால், இருக்கும் இரும்பு உடலில் எளிதில் சேரலாம். மொத்த அளவு இருபது மடங்கு ஏற வேண்டுமானால் அது பாத்திரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்திருக்க வேண்டும், அல்லது அளவீட்டில் கோளாறு இருக்க வேண்டும். இட்லியைப் புரோபயாட்டிக் என்பதும் இதே ரகம். மாவில் கோடிக்கணக்கில் உயிர்கள் இருந்தன; ஆவியில் வெந்தபின் அவை இல்லை. இட்லியின் பெருமைக்கு வேறு காரணங்கள் போதும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது சரியான திசை. பழம்பெருமை பேசாமல் நோயாளியிடம் அளந்து பார்க்கும் வேலை அது.

இனி மூன்றாம் பகுதியில் விட்டுவந்த கேள்வி. முளைகட்டுவதால் முதலில் பயனடைவது பாக்டீரியா அல்ல, ஆறு மாதம் கடந்த குழந்தை. குழந்தையின் வயிறு சிறியது. கெட்டிக் கஞ்சியை அது விழுங்காது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், சத்து சேராது. கஞ்சிமாவில் நாலைந்து விழுக்காடு முளைமாவு சேர்த்தால், மாவைக் கூட்டிக் காய்ச்சினாலும் கஞ்சி குடிக்கும் பதத்தில் இருக்கும். 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸும், அதே காலத்தில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோரும், தான்சானியாவில் மோஷா, ஸ்வான்பெர்க் ஆகியோரும் இதைத் தெளிவாக நிறுவினார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிச் சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு இடம்பெற்றது இந்த அறிவின் நீட்சி. இதில் விளைவை நிரூபிக்க நுண்ணோக்கி தேவையில்லை. கரண்டியிலிருந்து கஞ்சி வழிவதைப் பார்த்தாலே போதும்.

8. செய்யப்படாத சோதனை

இப்போது கையிருப்பு என்ன என்று பார்க்கலாம். தானியத்தில் பிறந்து, மாவுச்சத்தையும் ஃபைடேட்டையும் உடைக்கும் ஒரு திரிபு மேதினிப்பூரில் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. அது கிடைத்த ஹாரியாவில் சாராயம் உண்டு, குழந்தைக்கு ஆகாது. ஆனால் ஈஸ்ட் இல்லாமல் கஞ்சியில் அந்தத் திரிபை மட்டும் வளர்த்தால் சாராயம் பொருட்படுத்தும் அளவில் சேர வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளை வாரக்கணக்கில் பின்தொடரும் அனுபவம் பேலியாகாட்டாவில் இருக்கிறது. முளைமாவுத் தொழில்நுட்பம் மைசூரில் இருக்கிறது. விநியோகத்துக்கு அங்கன்வாடி இருக்கிறது. தனித்தனியாக எல்லாம் இருந்தும் ஒன்றுசேராமல் போனதற்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. காப்புரிமை எடுத்துப் புட்டியில் விற்க முடியாத கஞ்சிக்கு ஆய்வுப்பணம் தர எந்த நிறுவனமும் முன்வராது என்பது என் ஊகம்.

அந்தச் சோதனை நடந்தால் இரண்டு அணிகள் போதாது, நான்கு வேண்டும்: சாதாரணக் கஞ்சி, முளைமாவு சேர்த்த கஞ்சி, அதையே புளிக்கவைத்து உயிரோடு கொடுப்பது, புளித்தபின் கொதிக்கவைத்துக் கொடுப்பது. முதல் இரண்டின் வேறுபாடு முளையின் பங்கைச் சொல்லும். கடைசி இரண்டின் வேறுபாடுதான் உயிருள்ள நுண்ணுயிரின் பங்கைச் சொல்லும். இதுவரை நான் படித்த தானிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த நான்காவது அணியைத் தொடுவதில்லை. கொதிக்கவைத்த கஞ்சி குடித்த குழந்தைகளும் அதே அளவு நலம் பெற்றால், 2001 வரையறைப்படி அதைப் புரோபயாட்டிக் என்று அழைக்கவோ அந்தப் பெயரில் விற்கவோ முடியாது. பொடியாக உலர்த்தி, குளிர்பெட்டி இல்லாத அங்கன்வாடிக்கு மூட்டையில் அனுப்ப முடியும்.